இரண்டாம் வரைவுக்கு மதிப்பெண் கொடுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த கல்வியாண்டிலிருந்து இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு 'எழுத்துத் திறன்' என்று ஒரு தாள் வரப்போகிறது என்றும், அதன் வரைவு கல்லூரிகளின் கருத்துக்கு வந்திருக்கிறது என்றும் எங்கள் துறைத்தலைவர் சொன்னார். வாங்கிப் படித்தேன். ஐந்து அலகுகள். எழுத்தின் வரையறையும் வரலாறும் முதல் அலகு. அப்புறம் கட்டுரை வகைகள், கடித வகைகள், பிழை நீக்கம், ஊடக எழுத்து. அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75. கற்பிக்க வருபவர் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேறியிருக்க வேண்டும், அல்லது முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும்.

இப்படி ஒரு தாள் வருவதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எட்டு வருடமாக ஒரு கலை அறிவியல் கல்லூரியில், கால அட்டவணையின் ஓரத்தில், சனிக்கிழமைகளிலும் மாலை நான்கு மணிக்கு மேலும், முப்பது மணி நேரச் சான்றிதழ் வகுப்பாக நான் நடத்திவரும் பாடம் இது. அது நடுக்கூடத்துக்கு வருகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? ஆனால் நீங்கள் வகுத்திருக்கும் வடிவத்தில் வந்தால், எழுதுவதைப் பற்றி மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், எழுத மாட்டார்கள். அந்தப் பயத்தில்தான் இந்த மடல். என் கோரிக்கை ஒன்றுதான். மாணவர் ஒரு விஷயத்தை எழுதி, அதை வேறொருவர் படித்துச் சொல்ல, அதற்குப் பிறகு அவர் திருத்தி எழுதுவாரே, அந்தத் திருத்தத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். பருவத் தேர்வு மண்டபத்தில் மூன்று மணி நேரத்தில் எழுதும் முதல் வரைவுக்கு 75 மதிப்பெண்ணைக் கொட்டாதீர்கள்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

என்னிடம் நெட் இல்லை, முனைவர் பட்டமும் இல்லை. வரலாற்றில் முதுகலை. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழின் மதுரைப் பதிப்பில் உதவி ஆசிரியர் வேலை. வாசலில் பெயர் வரும் ஆசிரியர் இல்லை. செய்தி மேசையில் உட்கார்ந்து, தாலுகா நிருபர்கள் அனுப்பும் பிரதிகளைத் திருத்தி, நீளம் குறைத்து, தலைப்புப் போடும் வேலை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, போடி, சோழவந்தான் என்று ஊர் ஊராகப் பிரதி வரும். ஆரம்பத்தில் ஃபேக்ஸில், பிறகு மின்னஞ்சலில், கடைசி வருடங்களில் வாட்ஸ்அப் குரல் பதிவாகக்கூட வந்தது. ராத்திரி பதினொன்றரைக்குள் மாவட்டப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பிரதி என் கையைக் கடக்கும். பிறர் எழுதியதைத் திருத்தித் திருத்தித்தான் எழுத்து எங்கே உடைகிறது என்று கற்றேன்.

அதில் ஒரு நாளை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் கற்பிக்கும் முறை முழுவதும் அந்த நாளிலிருந்துதான் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஒரு விவசாயி தன் மனைவியை அரிவாளால் வெட்டிவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். விவசாயியை ஒளித்துவைத்த அவருடைய அண்ணனைப் போலீஸ் பிடித்தது. நான் போட்ட தலைப்பு: 'மனைவியை வெட்டிய விவசாயியின் அண்ணன் கைது'. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண்மணி, கல்யாண வயதில் இருந்த மகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அண்ணனின் மனைவி. "நான் முழுசாத்தான நிக்கிறேன். என்னைய வெட்டிட்டாருன்னு எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். சண்டை போடவில்லை. மகளுக்குப் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டதாம்.

அந்தத் தலைப்பில் ஓர் ஒற்றுப்பிழை இல்லை. எழுத்துப்பிழை இல்லை. இலக்கணம் சரி. ஆனால் 'வெட்டிய' என்ற பெயரெச்சம் விவசாயியைத் தழுவுகிறதா, அண்ணனைத் தழுவுகிறதா என்பது படிப்பவர் கையில் இருக்கிறது. எனக்குச் சம்பவம் முழுக்கத் தெரிந்திருந்ததால் ஒரு பொருள்தான் தெரிந்தது. ஊருக்கு இன்னொன்று தெரிந்தது. எங்கள் தலைமை உதவி ஆசிரியர், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம், என்னைத் திட்டவில்லை. அந்த அம்மாவை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். "வெட்டுனது யாரு, கைதானது யாரு. ரெண்டு பேரையும் தனித்தனியா நிக்க வை" என்றார். நான் எழுத எழுத அவர் சத்தமாக வாசித்தார். 'மனைவிக்கு வெட்டு: தலைமறைவான விவசாயிக்கு உதவிய அண்ணன் கைது' என்று முடிக்க ஏழு தாள் ஆனது. திருத்தம் மறுநாள் வந்தது. அந்தக் கல்யாணம் நடந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. விசாரிக்கத் துணிவு வரவில்லை.

பத்திரிகை வேலையை விட்டு இந்தக் கல்லூரிக்கு வந்த முதல் மாதம், தமிழ்த்துறையில் இருந்த ஒரு பேராசிரியை அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் எழுந்து அலமாரியிலிருந்து நன்னூலை எடுத்தார். பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் அடுக்கியிருக்கும் இடத்தைக் காட்டினார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும் வரிசையில் 'மயங்க வைத்தல்' என்று ஒன்று. இதுவா அதுவா என்று படிப்பவரைத் தடுமாறவிடுவது. "நீங்க போட்ட தலைப்பு இதுதாம்மா" என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே என் தவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர். நான் பள்ளியில் அந்தப் பத்தையும் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியவள்தான். ஒருமுறைகூட அதை என் எழுத்தின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இன்று என் வகுப்பில் திருத்தக் குறிகள் அந்தப் பத்துத்தான். மாணவர்கள் ஒருவர் தாளை ஒருவர் மாற்றிப் படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் 'கு' என்று போட்டால் குன்றக் கூறல், இங்கே இன்னும் சொல்ல வேண்டும். 'மி' என்றால் மிகை. 'தே' என்றால் சென்று தேய்ந்து இறுதல், ஆரம்பத்தில் இருந்த வேகம் போகப் போகத் தேய்ந்துவிட்டது. பொருளாதாரம் படிக்கும் பையனும் கணினி அறிவியல் படிக்கும் பெண்ணும் "டேய், நாலாவது பத்தியில தேய்ஞ்சுட்ட" என்று பேசிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கும். உங்கள் வரைவின் நான்காம் அலகில் இந்தப் பத்துக் குற்றங்களும் இருக்கின்றன. ஆனால் 'விளக்குக' என்ற கேள்விக்கான விடையாக இருக்கின்றன.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் நாள் நான் எதையும் விளக்குவதில்லை. ஒரு கடிதம் எழுதச் சொல்வேன். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அந்த ஆள் நிஜமாக இருக்க வேண்டும், கடிதம் நிஜமாகப் போக வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவி, தன் ஊர் விலக்கில் காலைப் பேருந்து நிற்காமல் போகிறது என்று போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு எழுதினார். முதல் வரைவில் 'தாழ்மையுடன்' மூன்று தடவை வந்தது, 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' இரண்டு தடவை வந்தது. எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது எங்கேயும் இல்லை. பள்ளியில் கற்றுக்கொடுத்த அலுவலகக் கடித வடிவம் துளி பிசகாமல் இருந்தது. பக்கத்தில் இருந்த பையன் 'கு' என்று ஐந்து இடத்தில் போட்டான். இரண்டாம் வரைவுக்காக அவர் ஒரு வாரம் விலக்கில் நின்று குறித்துக்கொண்டு வந்தார். 7.10 பேருந்து, ஆறு நாளில் நான்கு நாள் நிற்கவில்லை, அடுத்தது 8.25, அதில் வந்தால் முதல் பாடவேளை போய்விடும், நிற்பவர்கள் பதினான்கு பேர், அதில் ஒன்பது பேர் மாணவிகள். கடிதம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. பேருந்து இப்போது நிற்கிறது என்று எழுத எனக்கு ஆசை. தினமும் நிற்கவில்லை. ஆனால் கிளை அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் வந்தது. அவர் அப்பா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

முதல் வரைவைப் பேசுகிற தமிழிலேயே எழுதலாம் என்று அனுமதித்திருக்கிறேன். இதற்கு எனக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது, உங்களில் சிலருக்கும் பிடிக்காது என்று தெரியும். நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழ் பேசி, தாளில் இன்னொரு தமிழ் எழுதுகிறார்கள். பேனாவை எடுத்தவுடன் எழுத்துத் தமிழில்தான் வர வேண்டும் என்று சொன்னால், தெரிந்த விஷயமும் வெளியே வராது. கைடில் படித்த வாக்கியம்தான் வரும். முதலில் விஷயம் தாளுக்கு வரட்டும். 'எங்கப்பத்தா விடிய மூணு மணிக்கு எந்திரிச்சு பூப்பறிக்கப் போகும்' என்று எழுதிய பெண், மூன்றாம் வரைவில் அதை முறையான எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'அப்பத்தா' என்ற சொல்லை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார். சரிதான் என்றேன். மல்லிகை கிலோ என்ன விலைக்குப் போகும், ஈரத்துணியில் சுற்றினால் எடை எப்படி மாறும், கமிஷன் மண்டியில் யார் முதலில் கணக்கு எழுதுவார் என்பதெல்லாம் அந்தக் கட்டுரையில் இருந்தது. 'மலர் சாகுபடி' என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால் இதில் ஒரு வரிகூட வந்திருக்காது.

இன்னொரு பையன். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போவான், பந்தி பரிமாறுவான். கட்டுரையை எங்கே தொடங்கி எப்படிக் கொண்டுபோவது என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. ஒருநாள் அவனாகவே வந்து சொன்னான்: "மேடம், முறையின் வைப்புன்னு நூலோட அழகுல ஒண்ணு சொன்னீங்கள்ல. அது பந்திதான் மேடம். இலை போட்ட உடனே ரசத்தை ஊத்த முடியுமா? இனிப்பு, கூட்டு, பொரியல் எல்லாம் வச்சு, சோறு போட்டு, பருப்பு நெய் ஊத்தி, சாம்பாருக்கு அப்புறம்தான ரசம். சாப்புடுறவரு இப்ப எதுல இருக்காருன்னு பாத்துத்தான அடுத்த வாளியத் தூக்கணும்." அதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் எனக்கு இதை விளக்கியதில்லை. ஒவ்வொரு வருடமும் வகுப்பில் அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

பிழைகளைப் பற்றி உங்கள் வரைவில் ஓர் அலகே இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நான் முதல் வரைவில் சிவப்பு மை தொடுவதில்லை. பிழையைக் கண்டுகொள்வதில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூன்றாம் வரைவில் ஓர் ஒற்று விடமாட்டேன். ஆனால் பிழைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் பிழை போகும். 'செய்துப் பார்த்தேன்' என்று நிறையப் பேர் எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சுழித்துவிடலாம். அந்தப் பிள்ளையிடம் ஏன் 'ப்' போட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். "'படித்துப் பார்த்தேன்' வருதுல்ல மேடம், அதே மாதிரிதான்" என்பார்கள். யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். 'படித்து' என்பதில் கடைசி 'து'வுக்கு முன்னால் வல்லின மெய், அது வன்தொடர்க் குற்றியலுகரம், அதனால் மிகும். 'செய்து'வில் இடையின மெய், அது இடைத்தொடர்; 'வந்து'வில் மெல்லின மெய், அது மென்தொடர், அங்கே மிகாது. ஒரு சரியான விதியை அதன் எல்லைக்கு வெளியே நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். 'முயற்ச்சி' என்று எழுதுபவர் காதில் கேட்பதை எழுதுகிறார். ற் என்ற எழுத்துக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாணவரும் தன் பிழைகளை மட்டும் எழுதிவைக்கும் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். பெரும்பாலும் ஒருவருக்கு ஐந்தாறு பிழைகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஐம்பது விதியைப் பொதுவாக நடத்துவதைவிட, அவரவருடைய ஐந்தை அவரவர் வேட்டையாடுவது எளிது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் உயர்நிலைப் பள்ளி முடித்த நகரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் கதவைத் திறந்தபோது, அதுவரை கல்லூரி வாசலே பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். இவர்களுக்கு எழுத வராது என்று பேராசிரியர்கள் கைவிரித்த நேரத்தில், அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டி காலேஜில் எழுத்து வகுப்புகளைப் பொறுப்பேற்று நடத்திய மீனா ஷாக்னசி என்ற ஆசிரியை, சேர்க்கையின்போது மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். அந்தப் பிழைகள் சோம்பலால் வந்தவை அல்ல, அவற்றுக்குள் ஒரு ஒழுங்கும் தர்க்கமும் இருக்கின்றன என்று 1977-இல் வெளிவந்த தன் நூலில் காட்டினார். முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்க வரும் பிள்ளைகள் நிறைந்த நம் கல்லூரிகளுக்கு அவரைவிடப் பொருத்தமான வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

அதே நாட்டில் டொனால்ட் மர்ரே என்று ஒருவர். பாஸ்டன் ஹெரால்ட் நாளிதழில் எழுதிய தலையங்கங்களுக்காக 1954-இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். பிறகு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் எழுத்து ஆசிரியர் ஆனார். முடித்துக் கொடுத்த கட்டுரையைப் பிணப் பரிசோதனை செய்வதுபோல அறுத்துப் பார்ப்பதால் யாரும் எழுதக் கற்பதில்லை, எழுதிக்கொண்டிருக்கும் செயலைத்தான் கற்பிக்க வேண்டும் என்று 1972-லேயே வாதிட்டார். மாணவர் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேசுவது அவர் வகுப்பின் உயிர்நாடியாக இருந்தது. அவர் எழுத்துகளைப் படித்தபோது எனக்கு அண்ணாச்சி ஞாபகம்தான் வந்தது. வெள்ளைத் தாளும், எதிரே உட்கார்ந்து சத்தமாக வாசிக்கும் ஒரு மனிதரும்.

இப்போது உங்கள் வரைவுக்கு வருகிறேன்.

நான் ஒரு அணியில் 32 பேரை எடுத்துக்கொள்கிறேன். ஆளுக்கு ஐந்து நிமிடம் தனியாகப் பேசினால் 160 நிமிடம். ஐம்பது நிமிடப் பாடவேளையில் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். மற்றவர்கள் அந்த நேரத்தில் இரண்டிரண்டு பேராக வாசித்துத் திருத்துவார்கள். நடக்கிறது. உங்கள் வரைவில் ஒரு பிரிவுக்கு 64 பேர், வாரம் நான்கு பாடவேளை. ஒரு சுற்றுத் தனிப்பேச்சுக்கே 320 நிமிடம், அதாவது ஒரு வாரத்துப் பாடவேளைகள் அத்தனையும் கொடுத்தாலும் இன்னும் இரண்டு மணி நேரம் குறையும். அந்த ஆசிரியர் என்ன செய்வார்? நோட்ஸ் கொடுப்பார். நோட்ஸ் கைடு ஆகும், கைடு கேள்வி வங்கி ஆகும். அவர்மேல் தப்பில்லை. ஆய்வகப் பாடங்களுக்கு வகுப்பைப் பாதியாகப் பிரித்து அனுப்புகிறோம் அல்லவா, எழுத்தையும் அப்படி ஒரு செய்முறைப் பாடமாக வகைப்படுத்துங்கள். வேதியியல் மாணவர் பியூரெட்டைப் பிடிக்காமல் தேறிவிட முடியாது என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதே நியாயம்தான்.

மதிப்பெண்ணை 25, 75 என்று பிரிக்காமல், பாதிக்கு மேல் ஒரு கோப்புக்குக் கொடுங்கள். பருவம் முழுக்க ஒரு மாணவர் எழுதிய நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வரைவுகள், ஓரத்தில் மற்றவர்கள் போட்ட குறிகள், என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று அவர் எழுதிய ஒரு பக்கம், பிழை நோட்டு. புறத் தேர்வாளர் வந்து அந்தக் கோப்பைப் பார்த்து, மாணவரை ஐந்து நிமிடம் கேள்வி கேட்கட்டும். செய்முறைத் தேர்வில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வைவா கேட்பதுபோல. இதில் முறைகேட்டுக்கு இடம் உண்டு என்ற கவலை எனக்குப் புரிகிறது. எழுத்துத் தேர்வில் அதைவிடக் குறைவு என்று நான் நம்பவில்லை.

சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்தே ஒப்படைவுகளின் நிறம் மாறிவிட்டது. 'இன்றைய நவீன உலகில் இன்றியமையாத பங்கு வகிக்கிறது' என்று ஒரே நாளில் இருபது தாள் பார்த்தேன். நன்னூல் இதற்கும் பெயர் வைத்திருக்கிறது: வெற்றெனத் தொடுத்தல். பொருளில்லாத சொல்லைக் கோத்துக்கொண்டே போவது. பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? முடிந்த தாளை மட்டும் கேட்டால் முடிந்த தாளைத்தான் தருவார்கள், அது எங்கிருந்து வந்தால் என்ன. விலக்கில் ஒரு வாரம் நின்று மணி குறித்த நோட்டை எந்தக் கருவியும் செய்து தராது. இரண்டாம் வரைவில் ஏன் அந்தப் பத்தியை மேலே தூக்கினாய் என்று கேட்டால், தானே எழுதியவர் சொல்லிவிடுவார்.

கடைசியாக, கற்பிப்பவரின் தகுதி. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, என் வேலைக்காக நானே வாதாடுவதுபோலத் தோன்றும். ஆனாலும் சொல்ல வேண்டும். முனைவர் பட்டம் பெற்றவர்கள் இதைக் கற்பிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்னூலை எடுத்து என் முன்னால் வைத்தவர் ஒரு முனைவர்தான். அவர் இல்லாமல் என் வகுப்புக்கு முதுகெலும்பு இல்லை. ஒற்றில் சந்தேகம் வந்தால் இன்றும் அவரைத்தான் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். அவர் போன்றவரும், பத்திரிகை மேசையிலோ மொழிபெயர்ப்பிலோ பதிப்பகத்திலோ நீதிமன்ற ஆவண எழுத்திலோ காலம் கழித்த ஒருவரும் சேர்ந்து ஒரு வகுப்பை நடத்தட்டும் என்கிறேன்.

விதியில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 15 வருடத் தொழில் அனுபவம் உள்ளவர்களை, வழக்கமான கல்வித் தகுதி இல்லாவிட்டாலும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மிகாமல் அமர்த்தலாம் என்கிறது அது. பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் மட்டும் என்று இல்லை. இலக்கியம், கலை, ஊடகம் எல்லாம் அதில் வருகின்றன. நம் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்காக ஒருவரையும் இதுவரை அப்படி எடுத்ததாக நான் அறியேன்.

விதியை விடுங்கள், நம் ஊரிலேயே நடந்தது இருக்கிறது. 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தன் இடத்துக்கு ஓர் இளைஞரைப் பரிந்துரைத்தார். வயது இருபத்தைந்தை ஒட்டி. கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் உடனிருந்து, பாடம் கேட்டு, ஆசிரியர் பாடப் பாட ஏட்டில் எழுதிப் பழகியவர். கல்லூரி அவரைச் சோதித்துப் பார்த்தது, எடுத்துக்கொண்டது. அவர்தான் உ.வே. சாமிநாதையர். கும்பகோணத்தில் 1903 வரை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் 1919 வரை பணியாற்றினார். பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டு, பாட வேறுபாடு பார்த்து, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் அந்தக் கும்பகோண வருடங்களில்தான். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-இல், அவர் ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் கழித்து. உங்கள் வரைவின் தகுதி விதி 1880-இல் இருந்திருந்தால் அந்த இளைஞரின் விண்ணப்பம் முதல் மேசையைத் தாண்டியிருக்காது. அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் எண்ணம் எனக்குக் கனவிலும் கிடையாது. ஆளைச் சோதித்துப் பார்த்து எடுக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஐம்பது மாணவர் தாள்களைக் கையில் கொடுங்கள். எங்கே என்ன உடைந்திருக்கிறது, அந்த மாணவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். பட்டம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அதே சோதனை.

எனக்கு ஒரு பாடவேளைக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. அதைப் பற்றி இந்த மடலில் பேசப்போவதில்லை. அது வேறு இடத்தில் பேச வேண்டியது. ஆனால் ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். 64 பேரின் மூன்று வரைவுகளைப் படிப்பது வகுப்புக்கு வெளியே நடக்கும் வேலை. அதைப் பணிநேரத்தில் சேர்க்காத பாடத்திட்டம் எதுவானாலும் அது படிக்கப்படாத தாள்களைத்தான் பெற்றெடுக்கும்.

குழுவின் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் வாரம் என்று அறிகிறேன். எட்டு வருடத்துக் கோப்புகள் எங்கள் துறையில் மூன்று இரும்பு அலமாரிகளில் இருக்கின்றன. மாணவர்களின் சம்மதத்தோடு, பெயரை மறைத்து, அவற்றிலிருந்து இருபது கோப்புகளைக் கூட்டம் நடக்கும் அறைக்கே கொண்டுவந்து வைக்கிறேன். என்னைப் பேச அழைக்க வேண்டியதில்லை, வெளியே காத்திருக்கிறேன். பேருந்துக் கடிதத்தின் முதல் வரைவையும் மூன்றாம் வரைவையும் அருகருகே வைத்து, உங்களில் ஒருவர் இரண்டையும் மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு வாக்கெடுப்புக்குப் போங்கள்.

மிக்க அன்புடன்,
மதுரை மாவட்டத்திலிருந்து ஓர் எழுத்துப் பயிற்சி ஆசிரியை